ஹெபடைடிஸ் பி: நூறு பேரில் எத்தனை பேருக்கு, ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது?

கொள்ளிடக்கரை (ஞாயிறு, இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 27. வளைகுடா நாடொன்றில் வேலை உறுதியாகி, பயணத்துக்கு முன் செய்யவேண்டிய மருத்துவப் பரிசோதனைக்காகச் சென்ற மாதம் சென்னைக்குப் போய்வந்தான். எக்ஸ்ரே, சிறுநீர், சர்க்கரை எல்லாம் சரியாக இருந்தன. ஒரு வரியில் மட்டும் ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி. ரியாக்டிவ்’ என்று அச்சாகியிருந்தது. ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் வைரஸ் தொற்றுக்கு அது அடையாளம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த ஒரு வரிக்காக அவனை ‘அன்ஃபிட்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே யாரும் அவனிடம் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பேசவில்லை. இது என்ன நோய், அடுத்து எங்கே போகவேண்டும் என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

அவனுக்கு இதுநாள்வரை மஞ்சள் காமாலை வந்ததே இல்லை. இரத்தம் ஏற்றிக்கொண்டதில்லை, பச்சை குத்திக்கொண்டதில்லை. ஆனாலும் வீட்டில் பேச்சு வேறு திசையில் போகிறது. பெரியப்பா அவனைத் தனியே அழைத்து, மறைக்காமல் சொல், வெளியூரில் ஏதாவது பழக்கம் உண்டா என்று கேட்டிருக்கிறார். அம்மா அவனுடைய தட்டையும் டம்ளரையும் தனியே கழுவி, அடுப்படி ஜன்னல் திண்ணையில் தனியே கவிழ்த்து வைக்கிறார். அதை அவன் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறான்.

இந்த நோய் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று தேடினால், ஓரிடத்தில் இந்தியாவில் நூற்றுக்கு ஒருவர் என்றும், இன்னோரிடத்தில் நூற்றுக்கு நான்கு பேர் என்றும் எழுதியிருக்கிறார்கள். சீனாவில் அதிகம், ஐரோப்பாவில் குறைவு என்கிறார்கள். எதை நம்புவது? ஏன் இந்த வேறுபாடு? இது அரிதான நோயா, பரவலான நோயா என்று தெரிந்தாலே என் தம்பியின் மனப்பாரம் பாதி குறையும் என்று நினைக்கிறேன். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவ்வந்தி (ஞாயிறு, இரவு 10.55)

தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லி அந்தத் தட்டையும் டம்ளரையும் மற்றப் பாத்திரங்களோடு சேர்த்துவிடுங்கள். சேர்ந்து சாப்பிடுவதாலோ, ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பதாலோ, கட்டி அணைப்பதாலோ இது பரவாது. இரத்தம், உடலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தை என்பவைதான் வழிகள். சவரக் கத்தி, பல் தேய்க்கும் பிரஷ், நகவெட்டி ஆகியவற்றை மட்டும் அவருக்கெனத் தனியே வைத்துக்கொள்ளட்டும். இந்த வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத் துளியிலும் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது என்பதால்தான் அந்த எச்சரிக்கை.

நான் பரிசோதனைக்கூடத்தில் 22 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். எண்களைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு, அந்த எண் பிறக்கும் இடத்திலிருந்து பதில் சொல்கிறேன். ஒரு விரல் நீளமுள்ள அட்டை. அதன் குழியில் சொட்டுச் சொட்டாகச் சீரம், அதாவது இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர், விடுவோம். ‘சி’ என்று எழுதிய இடத்தில் ஒரு கோடு வரவேண்டும், அது அட்டை சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். ‘டி’ என்ற இடத்திலும் கோடு வந்தால் ரியாக்டிவ். சிலருக்கு அந்த இரண்டாவது கோடு தலைமுடியைப் போல அவ்வளவு மெலிதாக விழும், ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வோம். அப்படிப்பட்டவற்றை எலிசா என்ற இன்னும் நுட்பமான ஆய்வக முறையில் மறுபடியும் செய்து பார்ப்போம்.

இந்த அட்டை பார்ப்பது வைரஸின் மேலுறையில் உள்ள ஆன்டிஜென் என்ற புரதத்தை. அது இருந்தால் வைரஸ் இப்போது உடலில் இருக்கிறது என்று பொருள். ஆறு மாதம் கழித்தும் இருந்தால் நாள்பட்ட தொற்று. ‘கோர் ஆன்டிபாடி’ என்று, வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதத்தைப் பார்க்கும் இன்னொரு பரிசோதனை உண்டு. அது, வாழ்நாளில் எப்போதாவது இந்த வைரஸ் உடலுக்குள் வந்ததா என்பதைச் சொல்லும். வந்து, உடலே அதை வென்று துரத்தியிருந்தாலும் அந்தத் தடயம் நிற்கும். ஒரே ஊரில் ஒரே மக்களிடம் இந்த இரண்டையும் செய்தால் இரண்டாவது எண் முதலாவதைப்போலப் பல மடங்கு வரும். இரண்டையும் கலந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் படிக்கும் எண் எதைச் சொல்கிறது என்று முதலில் பாருங்கள்.

அதோடு, யாரிடம் எடுத்த இரத்தம் என்பதும் முக்கியம். இரத்த தானம் செய்ய வருபவர்கள் பெரும்பாலும் திடகாத்திரமான இளம் ஆண்கள். ஒருமுறை பாசிட்டிவ் என்று தெரிந்தவர் மறுமுறை வரமாட்டார். ஆகவே இரத்த வங்கிக் கணக்கு உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். பெரிய மருத்துவமனையின் உள்நோயாளிகளை வைத்து எடுத்தால் கூட்டிக் காட்டும். கருவுற்ற தாய்மார்களின் கணக்கு ஓரளவு ஊரோடு ஒத்துப்போகும் என்பது என் அனுபவம். ஆனால் அதில் ஆண்களும் முதியவர்களும் இல்லை.

புள்ளிவிவரம் (திங்கள், காலை 6.20)

செவ்வந்தி அக்கா சொன்னது அடித்தளம். நான் சமூக மருத்துவம் படித்தவன் என்பதால் உலகக் கணக்கைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

உலகச் சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டது 25.4 கோடிப் பேர். மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் 9.7 கோடி, ஆப்பிரிக்காவில் 6.5 கோடி, இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தில் 6.1 கோடி. ஐரோப்பிய வட்டாரத்தில் 1.1 கோடி, வட தென் அமெரிக்கக் கண்டங்கள் இரண்டையும் சேர்த்து வெறும் 50 லட்சம். அரிதான நோயா என்று கேட்டீர்கள். உங்கள் தம்பி 25 கோடிப் பேரில் ஒருவர். அவர்களில் தமக்கு நோய் இருப்பதை அறிந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர் மட்டுமே. அந்த வகையில், கொடுமையான முறையில் என்றாலும், உங்கள் தம்பி அறிந்துகொண்டது நல்லது.

ஒரு மக்கள்தொகையில் மேலுறை ஆன்டிஜென் 8 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் அதை உயர்பரவல் என்றும், 2 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் குறைபரவல் என்றும், நடுவில் உள்ளதை இடைநிலை என்றும் வகுப்பது நெடுநாள் வழக்கம். இந்தியாவை இடைநிலையில் வைத்திருந்தார்கள்.

இனி, ஏன் இந்த வேறுபாடு என்பது. இதற்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், மற்றவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் காரணம் ஒன்றே: எந்த வயதில் தொற்று வருகிறது என்பது. பிறக்கும்போது வைரஸ் ஏறிய குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேரிடம் அது தங்கிவிடுகிறது. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் ஏறினால் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் தங்குகிறது. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கு ஏறினால், கடுமையான காமாலை வந்தாலும், நூற்றுக்கு 95 பேருக்கு மேல் வைரஸை முழுவதும் விரட்டிவிடுகிறார்கள். பச்சைக் குழந்தையின் உடல் அதை எதிரியென்று அறியாமல் ஏற்றுக்கொள்கிறது, பெரியவரின் உடல் சண்டையிட்டுத் துரத்துகிறது.

இதற்கு 1942-இல் நடந்த ஒரு துயர நிகழ்ச்சியே சான்று. அமெரிக்கப் படைவீரர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். அந்த ஊசி மருந்து கெடாமலிருக்க மனிதச் சீரம் சேர்க்கப்பட்டிருந்தது. சில தொகுதிகளில் இந்த வைரஸ் கலந்திருந்தது. ஏறத்தாழ 50,000 வீரர்கள் காமாலையில் படுத்தார்கள். தொற்று ஏறியவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல் என்பது பிற்கால மதிப்பீடு. நாற்பது ஆண்டுக்குப் பின் அவர்களைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தபோது, வைரஸ் தங்கியிருந்தவர்கள் ஆயிரத்துக்கு மூவரைவிடக் குறைவு. அதே வைரஸ் அத்தனை பச்சிளங்குழந்தைகளுக்கு ஏறியிருந்தால் ஏறக்குறைய எல்லோரிடமும் ஆயுள்முழுதும் இருந்திருக்கும்.

ஆகவே ஒரு நாட்டின் எண் அதிகம் என்றால், அந்நாட்டுத் தொட்டில்களைப் பற்றி அது பேசுகிறது. அங்குள்ள பெரியவர்களின் ஒழுக்கத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. உங்கள் பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். 27 வயதில், காமாலையே வராத ஒருவரிடம் இந்தத் தொற்று இருந்தால், அது அவர் பேசக் கற்பதற்கு முன்பே வந்திருக்கத்தான் வாய்ப்பு மிகுதி.

கிழக்கு ஆசியாவில் தாயிடமிருந்து குழந்தைக்குப் போவது மிகுதி. அங்கே பரவலாக உள்ள, இதே வைரஸின் ‘சி’ என்னும் உள்வகை (இது ஹெபடைடிஸ் சி அன்று), ‘இ’ ஆன்டிஜென் காட்டும் அதிவீரியத் தன்மையைப் பெண்களின் மகப்பேற்று வயதுவரை தக்கவைத்துக்கொள்கிறது. ஆப்பிரிக்கத் தாய்மார்களிடம் அது இளமையிலேயே அடங்கிவிடுகிறது. அங்கே குழந்தைகள் ஒருவரோடொருவர் விளையாடும்போது, சிராய்ப்பு, புண் வழியாக, ஐந்து வயதுக்குள் பரவுவதுதான் அதிகம். இரு பகுதிகளிலும் பரவல் உயர்வு, ஆனால் வந்த பாதை வேறு. இந்தியாவில் இரண்டு பாதைகளும் கலந்திருக்கின்றன.

நெடுவயல் (திங்கள், பகல் 1.15)

புள்ளிவிவரம் ஐயா அழகாக எழுதியிருக்கிறார், ஆனால் எனக்கு இரண்டு ஐயங்கள். முதலாவது, எல்லாவற்றையும் வயதின்மேல் போட்டுவிட்டால், பரம்பரை என்பதற்கு இடமே இல்லையா? எங்கள் குடும்பத்தில் தாத்தா, பெரியம்மா, அவர் மகன் என மூன்று தலைமுறையாகக் கல்லீரல் நோயில் இறந்திருக்கிறார்கள். சீனர்களிடம் அதிகம், வெள்ளையரிடம் குறைவு என்பதும் இரத்தத்தில் உள்ள வேறுபாட்டைத்தானே காட்டுகிறது? இரண்டாவது, பெரியவர்களுக்கு வந்தால் போய்விடும் என்று எழுதினால், ஊசியிலும் இரத்தத்திலும் அலட்சியம் வந்துவிடாதா? குஜராத்தில் மோடாசாவில் 2009-இல் ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டதால் எத்தனை உயிர்கள் போயின என்பதை மறக்கக் கூடாது.

புள்ளிவிவரம் (திங்கள், இரவு 8.05)

நெடுவயல் ஐயா, இரண்டாவது ஐயம் நியாயமானது. நான் அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. பெரியவருக்கு வரும் புதுத் தொற்றில் வைரஸ் தங்குவது அரிது, ஆனால் அந்தச் சண்டையிலேயே கல்லீரல் செயலிழந்து உயிர் போகலாம். மோடாசாவில் நடந்தது அதுதான். அப்படிப்பட்ட கொள்ளைநோய் ஓர் ஊரையே உலுக்கிவிடும். ஆனாலும் அடுத்த ஆண்டு அந்த ஊரில் பரவல் விகிதத்தை அளந்தால் அது பெரிதாக ஏறியிருக்காது. இறப்பும் பரவலும் இரண்டு தனிக் கணக்குகள்.

முதல் ஐயம் மிகப் பழையது, அதை எழுப்பியவரே இந்த வைரஸைக் கண்டுபிடித்தவர். பரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்க அறிவியலாளர் வைரஸைத் தேடிப் போகவில்லை. உலகெங்கும் உள்ள மக்களின் இரத்தப் புரதங்களில் பரம்பரையாக வரும் வேறுபாடுகளைத்தான் தேடிக்கொண்டிருந்தார். பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட, ஹீமோபிலியா என்னும் இரத்தம் உறையாத நோய் கொண்ட ஒருவரின் சீரம், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் சீரத்தோடு சேர்ந்தபோது ஜெல்லில் ஒரு கோடு விழுந்தது. அதற்கு ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று பெயர் வைத்தார்கள். 1965-இல் அது வெளியானது. சில குடும்பங்களில் கூட்டமாக இருந்தது, சில இனங்களில் மிகுதி, சில இனங்களில் அறவே இல்லை. நீங்கள் நினைத்ததைப் போலவே, அவரும் அது பரம்பரைப் பண்பு என்று கருதினார்.

பரம்பரைப் பண்பு என்றால் பிறவியிலேயே இருக்கவேண்டும், நடுவில் வரக் கூடாது. பிளம்பெர்க் குழுவினரின் பராமரிப்பில் இருந்த, டவுன் குறைபாடு கொண்ட ஒருவருக்கு முதல் பரிசோதனையில் இல்லாத ஆன்டிஜென் பின்னொரு பரிசோதனையில் இருந்தது. விசாரித்தால், இடையில் அவருக்கு ஹெபடைடிஸ், அதாவது கல்லீரல் அழற்சி, வந்திருந்தது. அதன்பின் அந்த ஆய்வகத்திலேயே பணிபுரிந்த ஒரு பெண்ணுக்கு உடல் சோர்ந்து, சிறுநீர் நிறம் மாற, தம் இரத்தத்தைத் தாமே பரிசோதித்துப் பார்த்தபோது அதே கோடு மெலிதாகத் தெரிந்தது. பரம்பரை என்ற கருத்து அங்கே முடிந்தது. 1976-இல் பிளம்பெர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நாளான ஜூலை 28-தான் இன்று உலகக் கல்லீரல் அழற்சி நாள்.

உங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை என்றீர்களே, அது தாய்வழியா? தாத்தாவோ பாட்டியோ, பின் பெரியம்மா, பின் அவர் மகன் என்ற வரிசை எனக்குக் கவலை தருகிறது. கோபித்துக்கொள்ளாமல் உங்கள் வீட்டில் எல்லோரும் ஒருமுறை இந்த இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

இனம்தான் காரணமா என்பதற்கு விடை தைவானில் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே பெரியவர்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு இத்தொற்று இருந்தது. 1984 ஜூலையில், தொற்றுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி தொடங்கினார்கள். 1986 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் விரித்தார்கள். தலைநகர் தைபேயில் 15 வயதுக்கு உட்பட்டவர்களிடம் 1984-இல் 9.8 விழுக்காடாக இருந்தது 1999-இல் 0.7 ஆயிற்று. சிறுவர்களுக்கு வந்துகொண்டிருந்த கல்லீரல் புற்றுநோயும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சீனாவில் 1992 கணக்கெடுப்பில் 9.75 விழுக்காடு, 2006-இல் 7.18. அந்த இரண்டாவது கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 0.96 தான். ஒரே இனம், ஒரே ஊர், ஒரே வீடு. அப்பாவுக்கு இருக்கிறது, பிள்ளைக்கு இல்லை. இரத்தம் மாறவில்லை, தொட்டிலருகே ஓர் ஊசி வந்தது.

தீவுக்கடிதம் (செவ்வாய், காலை 11.30)

போர்ட் பிளேயரில் நீண்டநாள் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். இந்தியாவின் எண் ‘ஒன்று’, ‘நான்கு’ என்று பேசும்போது, அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினர் அந்தச் சராசரிக்குள் காணாமல் போய்விடுகிறார்கள். அங்குள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் மையம் செய்த ஆய்வுகளில் நிக்கோபாரியரிடம் 23 விழுக்காடு அளவில் இருந்தது. சோம்பென் மக்களிடம் மூன்றில் ஒருவருக்கு மேல். ஜாரவாக்களில் பரிசோதித்தவர்களிடம் பாதிக்கும் மேல். உலகிலேயே இதற்கு இணையான எண்கள் மிகச் சிலவே.

ஜாரவாக்கள் வெளியுலகத்தோடு கலக்காமல் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு யார் ஊசி போட்டார்கள், யார் இரத்தம் ஏற்றினார்கள்? சில நூறு பேர் மட்டுமே உள்ள கூட்டத்தில் வைரஸ் ஒருமுறை புகுந்து, தாய் வழியாகவும் கூடி வளரும் குழந்தைகள் வழியாகவும் தலைமுறை தலைமுறையாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர்களே சான்று. புள்ளிவிவரம் ஐயா வயதைப் பற்றிச் சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். இந்த எண்களை மேற்கோள் காட்டும்போது அந்த மக்களை ‘நோய்க்கூட்டம்’ என்பதுபோல் எழுதாதீர்கள். நிக்கோபாரில் தடுப்பூசித் திட்டம் வந்தபோது, படகிலிருந்து இறங்கிய குளிர்பெட்டியைத் தலையில் சுமந்து கொண்டுபோனவர்களும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்களும் அவர்கள்தாம்.

கிராமச்செவிலி (செவ்வாய், இரவு 9.10)

நான் எண்களைப் பற்றிப் பேசும் அளவுக்குப் படித்தவள் இல்லை. ஆனால் அந்த எண் இறங்கும் இடத்தில் நிற்கிறேன், அதனால் எழுதுகிறேன். பிறந்து 24 மணி நேரத்துக்குள் ஒரு ஊசி, அதன்பின் 6, 10, 14 வாரங்களில், ஐந்து நோய்களுக்கு ஒன்றாகப் போடும் பெண்டாவேலண்ட் ஊசிக்குள் சேர்ந்து மூன்று. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில்தான் இந்தியாவிலேயே முதலில் பெண்டாவேலண்ட் வந்தது. அதில் முதல் 24 மணி நேரத்து ஊசிதான் தாயிடமிருந்து வருவதைத் தடுக்கும் ஊசி. ஆறாம் வாரத்தில் வருவது அந்த விஷயத்தில் காலங்கடந்தது.

ஒரு குப்பியில் பத்துக் குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரவில் ஒரே ஒரு பிரசவம் நடந்தால், ஒரு குழந்தைக்காகக் குப்பியைத் திறப்பதா, மீதி வீணாகிவிடுமே என்ற தயக்கம் பலருக்கு இருந்தது. முறையாகக் குளிர்நிலையில் வைத்தால் திறந்த குப்பியை 28 நாள்வரை பயன்படுத்தலாம் என்ற விதி வந்தபின்னும் அந்தத் தயக்கம் முழுவதும் போகவில்லை. திறந்த தேதியைக் குப்பியின்மேல் பேனாவால் எழுதி வைப்போம். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும், வெயிலைவிட உறைவதற்குத்தான் இது அஞ்சும். உறைந்து போனதோ என்று ஐயம் வந்தால் குப்பியைக் குலுக்கி மேசைமேல் வைத்துப் பார்ப்போம். நல்ல மருந்து பால் கலங்கியதுபோல் ஒரே சீராக நிற்கும், உறைந்தது அடியில் திப்பி திப்பியாகப் படியும்.

பாட்டிமார்கள், இன்று நாள் சரியில்லை, பச்சை உடம்பு, நாளை மறுநாள் போடலாம் என்பார்கள். நான் சண்டை போட மாட்டேன். குழந்தையின் தொடையைத் துடைத்துக்கொண்டே, ‘அம்மா, இது பிள்ளை பெரியவனாகி ஐம்பது வயதில் ஈரல் கெடாமல் இருக்கப் போடுற ஊசி’ என்பேன். பெரும்பாலும் கையை விட்டுவிடுவார்கள். நம் மாநிலத்தில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடப்பதால் இது முடிகிறது. வீட்டில் பிள்ளை பெறும் ஊர்களில் 24 மணி நேரத்துக்குள் யார் போய்ச் சேர்வது?

புள்ளிவிவரம் (செவ்வாய், இரவு 9.50)

செவிலியம்மா கேட்ட கேள்விக்கு உலக எண்ணே இருக்கிறது. 2022-இல் உலகில் பிறந்த குழந்தைகளில் காலத்தோடு அந்த ஊசியைப் பெற்றவை 45 விழுக்காடு. ஆப்பிரிக்க வட்டாரத்தில் 18. உங்கள் பதிவை என் மாணவர்களுக்குப் படித்துக் காட்ட அனுமதி தாருங்கள்.

தேம்ஸ்கரை (புதன், பிற்பகல் 3.25)

நான் இருப்பது லண்டனில். இங்கே இது குறைபரவல் நாடு என்பதால், 2017 ஆகஸ்டுக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி பொது அட்டவணையிலேயே கிடையாது. அப்போது பெரும்பாலும் தாய்க்குத் தொற்று இருந்தால்தான் போட்டார்கள். அந்த நாட்டுச் சராசரி என்னை நெடுநாள் ஏமாற்றியது. நான் பிரிட்டனில் வாழ்கிறேன், ஆகவே எனக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒருவருக்கு இத்தொற்று இருக்கும் வாய்ப்பைச் சொல்வது, அவர் எங்கே பிறந்தார், அவருடைய தாய் எங்கே பிறந்தார் என்பதுதான். இப்போது எங்கே வரி கட்டுகிறார் என்பது அதைச் சொல்லாது. இங்கு நாள்பட்ட தொற்றோடு வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள்.

2022 ஏப்ரலிலிருந்து லண்டன் உள்ளிட்ட இடங்களின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில், இரத்தம் எடுக்கப்படும் எல்லோருக்கும், வேண்டாம் என்று சொன்னாலொழிய, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றையும் பார்க்கிறார்கள். எச்.ஐ.வி.யைத் தேடித் தொடங்கிய திட்டத்தில் புதிதாகக் கண்டறியப்பட்டவற்றில் ஹெபடைடிஸ் பி-யே முன்னிற்கிறது. கையொடிந்து போனவருக்குக் கல்லீரலில் இருப்பது தெரியவருகிறது. வளைகுடா மருத்துவப் பரிசோதனையும் அதே இரத்தத்தைத்தான் பார்க்கிறது. ஓரிடத்தில் அந்த முடிவு ஒருவரை மருத்துவரிடம் அனுப்புகிறது, இன்னோரிடத்தில் வீட்டுக்கு அனுப்புகிறது. உங்கள் தம்பியை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

நெடுவயல் (வியாழன், காலை 7.45)

புள்ளிவிவரம் ஐயா, பரம்பரை பற்றிய என் கருத்தை விலக்கிக்கொள்கிறேன். அது தாய்வழியேதான். என் சித்தியின் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டேன், இந்த வாரம் எல்லோரும் இரத்தம் கொடுக்கிறோம்.

ஆனால் இழையைத் தொடங்கியவர் கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் நேர்விடை வரவில்லை. இந்தியாவில் ஒன்றா, நான்கா?

புள்ளிவிவரம் (வியாழன், இரவு 10.20)

வரவில்லைதான், மன்னிக்கவேண்டும்.

2007-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு அதுவரை வந்த இந்திய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, பழங்குடியல்லாதோரிடம் 2.4 விழுக்காடு, பழங்குடியினரிடம் 15.9 விழுக்காடு என்றது. 2005-இல் வெளியான தமிழ்நாட்டுச் சமூக ஆய்வு ஒன்று 5.7 என்றது. தேசியக் குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்றில் திரட்டிய மாதிரிகளைக் கொண்டு நாடு முழுவதற்கும் அளந்தபோது 0.95 வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2022-க்கு இந்தியாவில் 2.98 கோடிப் பேர் என்கிறது, அதை 140 கோடியால் வகுத்தால் இரண்டுக்குச் சற்று மேல்.

நான்கும் பொய்யில்லை. பழைய ஆய்வுகள் பல, நோய் மிகுந்த இடங்களைத் தேடிப் போய்ச் செய்தவை. எங்கே மிகுதியென்று தோன்றுகிறதோ அங்கேதானே ஆய்வாளர் முதலில் போவார்? நாடு தழுவிய கணக்கெடுப்பு எல்லா ஊரையும் சமமாகத் தொடுவதால் எண் இறங்குகிறது. உலக நிறுவனத்தின் எண் நேரடி அளவீடு இல்லை, பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணித மாதிரியால் பெற்றது. என் கணிப்பைக் கேட்டால், நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு என்று சொல்வேன், ஊருக்கு ஊர் அது பத்து மடங்கும் மாறலாம் என்ற அடிக்குறிப்போடு. நூற்றுக்கு ஒன்று என்றால் சிறிது என்று ஒருவரும் நினைக்கவேண்டாம். 1,500 பேர் வந்த ஒரு கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் உட்கார்ந்தவர்களில் பதினைந்து பேருக்கு இருக்கிறது, உலகச் சராசரிப்படி பார்த்தால் அவர்களில் இரண்டு பேருக்குத்தான் அது தெரியும்.

கொள்ளிடக்கரை (அடுத்த ஞாயிறு, மாலை 6.30)

எல்லோருக்கும் நன்றி. புதன்கிழமை இரவு இந்த இழையை அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் நானே உரக்கப் படித்துக் காட்டினேன். அமெரிக்க வீரர்களின் பகுதி முடிந்ததும் பெரியப்பா ஒன்றும் பேசாமல் எழுந்துபோனார். மறுநாள் காலையில் தம்பிக்குப் பிடித்த மீனை வாங்கிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை அம்மா, நான், அக்கா மூவரும் இரத்தம் கொடுத்தோம். அம்மாவுக்கு ரியாக்டிவ். எனக்கு இல்லை. அக்காவுக்கு ரியாக்டிவ். அம்மாவுக்கு வயது 54, இதுவரை ஒருநாள்கூடக் கல்லீரலுக்காக மருத்துவமனை போனவர் இல்லை. எங்கள் மூவரையும் வீட்டுக்கு அருகிலிருந்த சிறிய மருத்துவமனையில் பெற்றார். அப்போது இந்தப் பரிசோதனையும் செய்யவில்லை, இந்த ஊசியும் போடவில்லை. முடிவு வந்ததிலிருந்து, நான்தான் கொடுத்தேனா, நான்தான் கொடுத்தேனா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

அக்கா இப்போது ஆறு மாதக் கர்ப்பம். மூத்த பெண்ணுக்கு நான்கு வயது. பிறந்த அன்றே ஊசி போட்டதாகத் தடுப்பூசி அட்டையில் முத்திரை இருக்கிறது. அவளுக்கும் பார்த்தோம், இல்லை. பிறக்கப்போகும் குழந்தைக்கு என்ன செய்யவேண்டும்?

செவ்வந்தி (ஞாயிறு, இரவு 7.05)

தம்பி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்: அவருக்கும் அவருடைய அம்மா அறியாமல்தான் வந்திருக்கும்.

அக்காவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அது பெரிய நிம்மதி. நாளைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் வைரஸ் அளவுப் பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். வைரஸ் அளவு அதிகம் என்றால் ஏழாம் மாதத்திலிருந்து பிரசவம்வரை டெனோஃபோவிர் மாத்திரை கொடுப்பார்கள், அது தாயிடமிருந்து போவதை வெகுவாகக் குறைக்கும். குழந்தை பிறந்தவுடன் வழக்கமான ஊசியோடு, வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடிகளை நேரடியாகத் தரும் இம்யூனோகுளோபுலின் என்ற இன்னோர் ஊசியும் போடவேண்டும், இரண்டும் இரண்டு தொடையில். அந்த இரண்டாவது மருந்து எல்லா மருத்துவமனையிலும் கையிருப்பில் இருக்காது. ஆகவே பிரசவத்துக்கு எங்கே போகிறாரோ அங்கே முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். தாய்ப்பால் கொடுக்கலாம், தடையில்லை. அக்காள் கணவருக்கும் இரத்தம் பார்த்து, இல்லையென்றால் மூன்று தவணை ஊசி போடுங்கள்.

தம்பிக்கும் அம்மாவுக்கும் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி., வைரஸ் அளவு, வயிற்று ஸ்கேன் மூன்றும் பார்க்கட்டும். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். யாராவது கீழாநெல்லிச் சாறு போதும் என்றால், நன்றி சொல்லிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கிராமச்செவிலி (ஞாயிறு, இரவு 8.40)

அக்காவின் பிரசவ தேதி என்ன, தம்பி? கர்ப்பிணி அட்டையின் முதல் பக்கத்திலேயே ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி. ரியாக்டிவ்’ என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். நள்ளிரவில் வலி வந்து, பணியில் யார் இருந்தாலும், அந்த ஒரு வரியைப் பார்த்தால்தான் குளிர்பெட்டியைத் திறப்பார்கள்.

கொள்ளிடக்கரை (ஞாயிறு, இரவு 9.15)

தை மாதம் கடைசி வாரம் என்றிருக்கிறார்கள். எழுதச் சொல்கிறேன் அம்மா. நாளைக் காலை ஆறரை மணி பேருந்தில் நால்வரும் கிளம்புகிறோம், தம்பிதான் டோக்கன் எடுக்க முன்னால் போகிறான்.